ஒன்பது அங்குலம்

1

என்னிடம் கேட்கப்பட்டது இரண்டு வரி. அது இத்தனை பக்கம் ஆனதற்கு என் வாய்தான் காரணம்.

கேட்டவர் கண்ணாடிக்காரர். என் வீட்டுக்கு நேரெதிரே பட்டறை வைத்து நாற்பத்திரண்டு வருடமாக மீன் தொட்டி செய்கிறவர். போன மாதம் ஒரு காலை, விரலில் காய்ந்த சிலிக்கான் பசையைச் சுரண்டிக்கொண்டே வந்து என் ஜன்னலோரம் நின்றார்.

"யோவ், நீ கதை எழுதறவன்தானே?"

"அப்படித்தான் சொல்லிக்கறாங்க."

"யாரு சொல்லிக்கறாங்க?"

"நான்தான்."

"சரி. எனக்கு ரெண்டு வரி எழுதிக் குடு. ஒருத்தங்க வீட்டு வாசல்ல நின்னு சொல்லணும். உண்மை மாதிரி இருக்கணும்."

"உண்மையா இருக்கணுமா, உண்மை மாதிரி இருக்கணுமா?"

"அது தெரிஞ்சா உன்கிட்ட ஏன் வரேன்?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பசை எப்போதோ போய்விட்டிருந்தது, தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன். மூன்றையும் இங்கேயே போட்டுவைக்கிறேன், பெருக்காத பட்டறை மாதிரி.

"காலைக் கதிரவன் கண்ணாடிப் பட்டறையின் மீது தன் பொற்கிரணங்களை—"

(கதிரவன் அந்தப் பட்டறைக்குள் வந்ததே கிடையாது. வேண்டாம்.)

"ஆரல் நன்னீர் மீன். பார்த்தால் விலாங்கு போல இருக்கும், விலாங்கு அல்ல. முதுகில் முள் வரிசை உண்டு. கூரிய மூக்கால் மணலைத் துளைத்து, தலையை மட்டும் வெளியே நீட்டியபடி—"

(பாடப்புத்தகம். ஆனால் தகவல் சரி. கையோடு வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.)

"கண்ணாடிக்காரர் தம் வாழ்நாளில் பொய்யே சொன்னதில்லை."

(இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.)

அவர் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை, ஆனால் எல்லாம் யாருக்கும் வலிக்காத பொய்கள். ஒரு முறை மிகத் தெளிவான கண்ணாடியில் தொட்டி செய்தாராம். கண்ணாடி இருப்பதே தெரியாமல் மீன்கள் கூச்சப்பட்டு மூலையில் ஒதுங்கிவிட்டனவாம். 'இங்கே கண்ணாடி உள்ளது' என்று எழுதி ஒட்டிய பிறகுதான் நடமாடினவாம். இன்னொரு முறை தொட்டி வாசலில் நுழையவில்லை என்று வீட்டையே அரை அடி நகர்த்தி வைத்தாராம். இதையெல்லாம் பஸ் நேரம் சொல்கிறவனின் முகத்தோடு சொல்வார். நான் அதே முகத்தோடு அதைத் திருப்பிச் சொல்வேன். அப்படித்தான் எங்கள் சிநேகிதம்.

அவர் பேச்சில் ஒன்று மட்டும் நிஜம்: "என் தொட்டி ஏறாத மாடி கிடையாது." தொட்டியைப் பட்டறையிலேயே ஒட்டி, காயவைத்து, இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி ஒழுக்குப் பார்த்து, முழுத் தொட்டியாகத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார். நாற்பத்திரண்டு வருடத்தில் ஒரு தொட்டிகூடப் படிக்கட்டில் மாட்டித் திரும்பியதில்லை. கண்ணாடிகளைத் தனித்தனியாகச் சுமந்துபோய் வீட்டில் வைத்து ஒட்டுகிறவர்களை அவர் தொழில்காரர் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

இந்தப் பெருமைதான் இந்தக் கதையின் வில்லன்.

3

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஊசியம்மா பட்டறைக்கு வந்தார்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எங்கள் தெருவில் அவரிடம் கை நீட்டாத ஆள் இல்லை. அதனால் அந்தப் பெயர். பட்டறைக்குப் பக்கத்துக் கட்டிடத்தில், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். கூடவே பஸ் ஓட்டுகிற அவருடைய தம்பி வந்திருந்தான். பாலித்தீன் பையில் பென்சில் பருமனில் ஒரு சாண் நீளக் குட்டி ஆரல். கறுப்பு உடம்பில் தீக்குச்சி கிழித்த மாதிரி சிவப்புக் கோடுகள்.

"இது எவ்வளவுண்ணே வளரும்?" என்றார் ஊசியம்மா.

இந்த இடத்தில் கண்ணாடிக்காரர் சொன்னது அத்தனையும் சத்தியம். அதை அவருக்காகப் பதிவு செய்துவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு அவருக்கு ஆதரவாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

"ரெண்டரை அடி வரும்மா. நல்லா பாத்துக்கிட்டா அதுக்கு மேலயும் போகும். பதினஞ்சு வருஷம்கூட இருக்கும். ஆறடி நீளம், ரெண்டடி அகலம். அதுக்குக் குறைஞ்சு நான் செய்ய மாட்டேன். அடியில நைஸ் மணல், நாலு விரக்கடை. ஜல்லி போட்டீங்கன்னா வயிறு கிழிஞ்சிடும். மூடி இறுக்கமா இருக்கணும். சந்து கிடைச்சா இது பஸ் பிடிச்சுப் போயிடும்."

"என் பஸ்ஸா இருந்தா கொண்டாந்து விட்டுடறேன்," என்றான் தம்பி.

"உயரம் எவ்வளவுண்ணே?"

"உயரம் உங்களுக்கும்மா, சோபாவுல உக்காந்து பாக்க. அதுக்கு உயரம் எதுக்கு? ஆரல் மாடி ஏறாது. தரையில கிடக்கிற ஜீவன். நீளத்தை எல்லாரும் கேப்பாங்க. நீட்டு மீனுக்கு நீட்டுத் தொட்டின்னு நெனப்பு. அகலத்தை யாரும் கேக்க மாட்டாங்க. போறதுக்கு நீளம் போதும். திரும்பறதுக்கு அகலம் வேணும்."

(கடைசி இரண்டு வாக்கியத்தையும் நான் மெருகேற்றவில்லை. அவர் வாயில் வந்தபடியேதான். அதனால்தான் மன்னிக்கவும் முடியவில்லை. தெரியாதவர் செய்யவில்லை அதை.)

தம்பிதான் கேட்டான்: "அக்கா வீட்டு மாடிப்படி ரொம்ப ஒடுக்கம். நானே தலையைக் குனிஞ்சுதான் ஏறணும். ஆறடித் தொட்டி ஏறுமா?"

"தம்பி, என் தொட்டி ஏறாத மாடி கிடையாது."

4

அவர் தொழில் முறை இது: தொட்டி செய்வதற்கு முன், ரீப்பர் கட்டைகளை ஆணியடித்து அதே அளவில் ஒரு வெற்றுச் சட்டம் செய்வார். அதை வீட்டுக்கு எடுத்துப்போய், படி ஏற்றி, வாசல் நுழைத்துப் பார்ப்பார். சட்டம் போன இடத்தில் தொட்டி போகும்.

ஊசியம்மா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சட்டத்தை ஏற்றினார். முதல் மாடி சரி. அதற்கு மேல் படி திரும்புகிற இடத்தில் மாட்டிக்கொண்டது. சாய்த்தார். நிமிர்த்தினார். கைப்பிடிக் கம்பிக்கு மேலாகத் தூக்கினார். கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "என்ன சார், கட்டில் கீது போடறீங்களா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டார். ஆறடிச் சட்டமும் அறுபத்துச் சொச்ச வயது மனிதரும் அந்தத் திருப்பத்தில் முக்கால் மணி நேரம் நின்றார்கள்.

பிறகு அவர் கீழே இறங்கிவந்து ரம்பத்தை எடுத்தார்.

நீளத்தில் கை வைக்கவில்லை. நீளத்தை எல்லாரும் கேட்பார்கள். அகலத்தில் ஒன்பது அங்குலம் அறுத்தார். இருபத்துநான்கு பதினைந்தானது. சட்டம் வெண்ணெய் மாதிரி ஏறியது.

தொட்டி வீட்டில் இறங்கிய அன்று ஊசியம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டடி அகலம்னு சொன்னீங்களேண்ணே?"

"தண்ணி நிரம்பட்டும்மா. அகலமாத் தெரியும்."

அவர் நம்பினார். அடுத்தவர் நரம்பை ஒரே குத்தில் கண்டுபிடிக்கிறவர், அடுத்தவர் பொய்யைக் கண்டுபிடிக்க முயன்றதில்லை. தொட்டியின் பின்பக்கம் வடிகட்டிக்கு நாலு அங்குலம் போனது. மிச்சம் பதினொன்று.

அறுத்த துண்டுகளில் ஒன்று இன்னும் பட்டறைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கீழே செருகியிருக்கிறது. ஐந்து வருடமாக அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்.

5

அடுத்து மீன் வளர்ந்தது. (இதை எவ்வளவு வேகமாகச் சொல்லிவிட்டேன் பாருங்கள். கதையில் மூன்று சொல். அங்கே அது நாளுக்கு நாள் நடந்தது.)

முதல் வருடம் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டாம் வருடம் திரும்பும்போது மூக்கு ஒரு கண்ணாடியிலும் முதுகு வடிகட்டியிலும் உரசியது. உரசி உரசிப் பார்த்துவிட்டு, திரும்புவதை நிறுத்திக்கொண்டது. தொட்டியின் அந்தக் கோடிவரை நேராகப் போகும். அங்கே நிற்கும். பிறகு உடம்பை அலையாக நெளித்து, தலை திருப்பாமல், வந்த வழியே பின்னால் வரும்.

பஸ்காரத் தம்பிதான் முதலில் கண்டுபிடித்தான். "அக்கா, இது ரிவர்ஸ் எடுக்குது! நான் கண்ணாடி பாத்துதான் எடுப்பேன், இது பாக்காமயே எடுக்குது!" அன்றிலிருந்து அதன் பெயர் டிரைவர்.

தெருவே போய்ப் பார்த்தது. "போ, போ, போ, ஹோல்டான்!" என்று, தொட்டியின் முன்னால் ஒரு கோடியோரம் போட்ட சோபாவில் உட்கார்ந்து வழிகாட்டினார்கள். கண்ணாடிக்காரரும் போனார். பார்த்த உடனே புரிந்துவிட்டது அவருக்கு. ஆனால் எல்லாரும் அவரையே பார்த்தார்கள், மீன் விஷயத்தில் பெரியவர் என்ன சொல்லப்போகிறார் என்று.

"நான்தான் பழக்கினேன்," என்றார், பஸ் நேரம் சொல்லும் முகத்தோடு. "தொட்டியிலேயே ஒரு நுணுக்கம் வெச்சிருக்கேன்."

எல்லாரும் கைதட்டினார்கள்.

6*

* இந்தப் பகுதியை அடிக்குறிப்பாகப் போடலாமா என்று யோசித்தேன். சின்ன எழுத்தில் இருந்தால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். அந்த ஆசையே வெட்கமாக இருந்ததால் பெரிய எழுத்தில் போடுகிறேன்.

அன்று மாலை பட்டறையில் உட்கார்ந்து கண்ணாடிக்காரர் ஒன்பது அங்குலக் கதையை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து 'மரியாதை தெரிந்த மீன்' என்று ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். முதுகு காட்டுவது மரியாதைக் குறைவு என்று அறிந்த ஒரே மீன் இதுதான், அரசர் முன்னிலையிலிருந்து பின்வாங்குகிற மந்திரியைப் போல நம்மைப் பார்த்துக்கொண்டே விடைபெறுகிறது என்றெல்லாம் அளந்தேன். அதில், "ஆனால் தொட்டியின் அகலம் பதினைந்தே அங்குலம்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. எழுதினேன். படித்துப் பார்த்தேன். சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. எடுத்துவிட்டேன். கட்டுரை வெண்ணெய் மாதிரி போயிற்று.

அச்சில் வந்தது. பாராட்டினார்கள். ஊசியம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, லேமினேட் செய்து, தொட்டியின் பக்கக் கண்ணாடியில் ஒட்டினார். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அதுதான்.

7

இந்த வருடம் கண்ணாடிக்காரருக்குச் சர்க்கரை பார்க்கச் சொன்னார்கள். ஊசியம்மாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கையை நீட்டினார். ரப்பர் பட்டை கட்டியாயிற்று. ஊசியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்களுமாண்ணே?" என்று சிரித்தார் ஊசியம்மா. "இருபத்தாறு வருஷமா பாக்கறேன். உள்ள வர்ற ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கறதில்லை. கையைக் குடுப்பாங்க, மூஞ்சியத் திருப்பிப்பாங்க. வெளிய தெருவுல பாத்தாலும் அப்படித்தான், என்னைப் பாத்தாலே வலிக்கும்போல. நம்ம டிரைவர் ஒருத்தன்தான்ணே திருப்பிக்க மாட்டான். நான் சோபாவுல இருக்கிற வரைக்கும் என்னையே பாத்துக்கிட்டுப் பின்னாலயே போவான். மரியாதை தெரிஞ்ச பய."

ஊசி இறங்கியிருந்தது. அசைய முடியாது. அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.

"மூக்குல மட்டும் வெள்ளையா ஒரு புண்ணுண்ணே. ஆற மாட்டேங்குது. வால்லயும் தேஞ்சிருக்கு. எதனால இருக்கும்?"

இதோ, கதவு தானாகத் திறந்தது. ஒரு வாக்கியம் போதும். இங்கே நான் அவரை உண்மை சொல்ல வைத்து ஒரு பிரதி எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. நடந்தது இது:

"மணல் கரடாயிருக்கும்மா. மாத்திப் பாருங்க."

பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு வெளியே வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டறை வாசலில் நின்று பார்த்தார்: ஊசியம்மா ஒரு கையில் மணல் மூட்டையும் ஒரு கையில் வாளியுமாக அந்தப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார். இறங்கினார். மறுபடி ஏறினார். புது மணலை வாளி வாளியாகத் தெருக்குழாயில் அலசிக் கொண்டுபோனார். ஒன்பது நடை. கண்ணாடிக்காரர் எண்ணினார். எண்ணுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

புண் ஆறவில்லை.

8

கண்ணாடிக்காரர் தன் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டார். படிக்கட்டின் ஒடுக்கத்தை அவர் கையால் வரைந்து காட்டினார். எந்தச் சாய்வில் எந்த மூலை இடித்தது என்று விளக்கினார். வேறு வழியே இல்லை என்று முடித்தார்.

"ஏங்க," என்றார் மனைவி, "கண்ணாடியத் தனித்தனியா மேல கொண்டுபோய் அங்கயே ஒட்டியிருக்கலாமே?"

அவ்வளவுதான். அந்த அம்மாள் அரிசியோடு உள்ளே போய்விட்டார்.

ஐந்து வருடமாகக் கண்ணாடிக்காரர் படிக்கட்டின் மேல் போட்டுவைத்திருந்த பழியைப் படிக்கட்டு அன்றைக்கு இறக்கி வைத்துவிட்டது.

மறுநாள் கண்ணாடி வெட்ட ஆரம்பித்தார். ஆறடி நீளம். அகலம் இரண்டரை அடி. இந்த முறை கூட்டியே வைத்தார். அதற்கும் மறுநாள்தான் என் ஜன்னலுக்கு வந்து இரண்டு வரி கேட்டது.

"மீன் வளந்துடுச்சு, இனிமே பெரிய தொட்டி வேணும்மான்னு சொல்லிட்டாப் போச்சு," என்றேன் நான். "டிரைவருக்கும் இடம் கிடைச்சிடும், உங்க பேரும் கெடாது."

"அது எனக்கே தோணிச்சு. நல்லாத்தான் இருக்கு." மறுபடி விரலைச் சுரண்டினார். "அந்தம்மா நன்றி சொல்லுமேய்யா. அப்ப எங்க பாக்கறது நான்?"

9

முடிவுகள்.

அ) அவர் உண்மையைச் சொல்கிறார். ஊசியம்மா கண் கலங்கி, "பரவாயில்லைண்ணே" என்கிறார். இருவரும் சேர்ந்து தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

(எழுதும்போதே எனக்குச் சுகமாக இருந்தது. அதனால் சந்தேகப்பட்டு விட்டுவிட்டேன். அவர் சார்பில் மன்னிக்க நான் யார்?)

ஆ) கண்ணாடிகளோடு அவர் போய்ச் சேர்வதற்குள் மீன் செத்துக் கிடக்கி—

(இல்லை. செத்த மீன் எழுதுகிறவனுக்கு வசதி. அது திரும்ப வேண்டியதில்லை, நாமும் திருந்த வேண்டியதில்லை. டிரைவர் உயிரோடுதான் இருக்கிறது. புண்ணோடு.)

இ) டிரைவர் ஒருநாள் மூடியைத் தள்ளிவிட்டு, படிக்கட்டில் பின்னோக்கியே இறங்கி, திருப்பத்தில் கொஞ்சமும் இடிக்காமல், பட்டறைக்கு வந்து கதவுக்கடியில் இருக்கும் கட்டைத் துண்டைப் பார்த்து—

(இதுதான் எனக்கு நன்றாக வரும். அதனால்தான் நிறுத்துகிறேன்.)

ஈ) புதுத் தொட்டி. அகலமான தண்ணீர். டிரைவர் கொஞ்ச நேரம் பழக்கதோஷத்தில் பின்னால் போகிறது. பிறகு வால் எதிலும் படவில்லை என்று தெரிந்துகொள்கிறது. மெல்ல வளைகிறது. இன்னும் வளைகிறது. ஐந்து வருடத்து உடம்பைத் திருப்பி, சோபாவுக்கு முதுகைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது.

இதை எழுதிவிட்டுத்தான் பயந்தேன். கண்ணாடிக்காரரின் பொய் இந்த உண்மைக்கு முன்னால் சின்னது. உண்மையைச் சொன்னால் ஊசியம்மாவுக்குத் தொட்டி கிடைக்கும். தன்னிடம் முகம் திருப்பாத ஒரே ஜீவன் திருப்ப முடியாமல்தான் திருப்பவில்லை என்பதும் கிடைக்கும். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்தது கண்ணாடிக்காரர் இல்லை. நான்.

10

ஆகையால் இரண்டு வரியை அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. இன்னும் எழுதுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதை அச்சுக்குக் கொடுத்தது அவருக்குத் தெரியாது. அவரைக் கேட்காமல் அவர் வெட்கத்தை நான் சந்திக்குக் கொண்டுவந்தது சரியா என்று கேட்டால், சரியில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், நானும் நிம்மதியாக ஒப்புக்கொண்டிருப்பேன்.

ஊசியம்மா, இந்த இதழ் உங்கள் வீட்டுக்கு வியாழக்கிழமை வரும். நான் எழுதினதைத் தவறாமல் படிப்பீர்கள் என்று தெரியும். மற்ற வாசகர்கள் மன்னிக்கவும். இனி இந்தக் கதை ஒருவருக்குத்தான்.

தொட்டியின் பக்கக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் என் கட்டுரையை எடுத்துவிடுங்கள். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினால் வந்துவிடும். அந்தப் பக்கமாகக் குனிந்து பாருங்கள். நீங்கள் எப்போதும் சோபாவிலிருந்து, நீளவாக்கில்தான் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். பார்க்க முடியாதபடி அங்கே நான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வருவார். கண்ணாடிகளைத் தனித்தனியாகச் சுமந்து, ஐந்து நடை ஏறுவார். ஒவ்வொரு நடையிலும் அந்தத் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவார். பிறகு உங்கள் மணியை அடிப்பார். வாய் திறந்து, "மீன் வளந்துடுச்சும்மா" என்று ஆரம்பித்தாலும் ஆரம்பிப்பார். உங்களுக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

அங்கே என்ன நடக்கும் என்பதை நான் எழுதப்போவதில்லை. அந்த வாக்கியத்தை அவரை முடிக்க விடலாம். பாதியில் நிறுத்தலாம். எதிர் ஜன்னலில் நான் உட்கார்ந்திருப்பேன்; என்னையும் கூப்பிடலாம், வருகிறேன். பதில் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் செய்யலாம்.

அதற்கு உங்களுக்கு இடம் இருக்கிறது.